ஒரு நாளில் எத்தனை முறை தொடுகிறோம்

2021-இல் ஒரு வாரம் முழுக்க ஒரு கணக்கு எழுதினேன். கடைக் கல்லாப் பக்கத்தில் கிடந்த பழைய நோட்டில், என் துப்பாக்கியை ஒரு நாளில் எத்தனை முறை இடுப்பிலிருந்து எடுக்கிறேன், எத்தனை முறை திரும்ப வைக்கிறேன் என்று கோடு போட்டேன். திங்கள்கிழமை 9 கோடு. செவ்வாய் 6. சனிக்கிழமை 11. அந்த ஏழு நாளில் ஒருவரைப் பார்த்து அதை உருவ வேண்டிய தேவை ஒருமுறைகூட வரவில்லை. அதற்கு முந்தைய மூன்று வருடங்களிலும் வந்ததில்லை. ஆனால் அந்த ஒரே வாரத்தில் ஐம்பது முறைக்கு மேல், தோட்டா நிரப்பிய துப்பாக்கி என் கைக்குள் இருந்திருக்கிறது.

தினமும் மறைத்து எடுத்துப் போக எந்தக் கைத்துப்பாக்கி நல்லது என்று இங்கே அமெரிக்காவில் உள்ள தமிழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். பிராண்டைக் கேட்கிறார்கள், எத்தனை தோட்டா பிடிக்கும் என்று கேட்கிறார்கள். அந்த ஐம்பது முறையைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. எனக்கோ இப்போது முதல் கேள்வியே அதுதான்.

நானும் என் கணவரும் டெக்சஸில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஷுகர்லாண்ட் பக்கம் ஒரு சிறிய மளிகைக்கடை வைத்திருக்கிறோம். அரிசி, பருப்பு, உறைந்த பரோட்டா, வெள்ளிக்கிழமைகளில் வாழை இலை. இரவு ஒன்பதரைக்குக் கடை சாத்தி, அன்றைய பணத்தை வங்கியின் இரவுப் பெட்டியில் போடுவது பெரும்பாலும் என் வேலை. 2018 தொடக்கத்தில் ஒரு இரவு, வங்கியிலிருந்து கிளம்பிய என் காரை இன்னொரு கார் பின்தொடர்ந்தது. மூன்று முறை தெரு மாறினேன். மூன்று முறையும் வந்தது. வீட்டுக்குப் போகாமல் வெளிச்சமாக இருந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி 911-ஐ அழைத்தேன். அந்தக் கார் மெதுவாகக் கடந்து போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பெரியப்பாவிடம் தோப்புக் காவலுக்கு ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்தபிறகு போய் வாங்கி வருவார். துப்பாக்கி என்றால் உரிமம், போலீஸ், பெரிய மனிதர் என்று ஊறிய மனசு என்னுடையது. இங்கே அது ஒரு படிவத்தில் முடிந்துவிடுகிறது. 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்பினேன், கிரீன் கார்டு எண்ணைக் கொடுத்தேன், கடைக்காரர் பின்னணிச் சோதனைக்கு அனுப்பினார், சற்று நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. (எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. நண்பரிடம் இரவல் வாங்கினாலும் குற்றம்தான். இது தெரியாத நம்மவர்கள் நிறைய.)

முதலில் வாங்கியது ஐந்து தோட்டா கொள்ளும் ஒரு சின்ன ரிவால்வர். ‘பெண்களுக்கு இதுதான் சரி, இலகுவானது, சிக்காது, அழுத்தினால் சுடும்’ என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இந்த வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1950-இல் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷலில் தொடங்கி, இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும் குழலும் ஐந்து தோட்டாச் சுழலறையும் கொண்ட ஜே-ஃபிரேம் ரிவால்வர்கள் அமெரிக்கப் போலீஸ்காரர்களின் கணுக்காலிலும் கோட்டுப் பையிலும் பல பத்தாண்டு இருந்திருக்கின்றன. அலுமினியச் சட்டத்தோடு வரும் 642 என்ற மாடல் சுமார் 400 கிராம்தான். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தி உள்ளே மறைந்திருக்கும், எதிலும் மாட்டாத வழவழப்பான முதுகு.

ஆனால் எடை குறைவு என்பது தூக்கிக்கொண்டு போகும்போது மட்டும்தான் வசதி. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலும் இலகுவான துப்பாக்கியிலும் சுட்டால், இலகுவானதுதான் உள்ளங்கையில் கடுமையாக உதைக்கும். சுடும் பயிற்சி மையத்தில் இருபது தோட்டா முடிவதற்குள் என் கட்டைவிரல் அடியில் தோல் சிவந்துவிட்டது. விசையை இழுக்க ஐந்து கிலோ அளவுக்கு விரலில் பலம் வேண்டும். அப்படி இழுக்கும்போது முனை கீழே சாய்கிறது. ஏழு கஜத்தில் வைத்த காகிதத்தில் நான் சுட்ட ஐந்தில் இரண்டுதான் விழுந்தது. வலிக்கிற பொருளோடு யாரும் பயிற்சி எடுக்க மாட்டார்கள். நானும் எடுக்கவில்லை. ஆறு மாதம் அது கைப்பையில் கிடந்தது. உதடு வறண்டால் தடவும் களிம்பு, கடைச் சாவி, பையனின் இருமல் மிட்டாய், அதற்கு நடுவில் துப்பாக்கி.

அனுபவமே இல்லாத பெண்ணுக்கு முதல் துப்பாக்கியாக இந்தச் சின்ன ரிவால்வரைச் சிபாரிசு செய்வதை நிறுத்துங்கள் என்று துப்பாக்கி வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிறேன். நன்றாகப் பழகிய கைக்கு அது அருமையான கருவி. பழகாத கைக்கு, அது பழகவே விடாது.

கைப்பையை விட்டதற்குக் காரணம் வேறு. டெக்சஸில் துப்பாக்கி எடுத்துப்போகும் உரிமத்துக்கான வகுப்பில் பயிற்சியாளர் ஒரு சம்பவம் சொன்னார். அந்தப் பயிற்சியாளர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், பேரன் பேத்தி எடுத்தவர். 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊர். கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த ஒரு 29 வயதுத் தாய். தள்ளுவண்டியில் இரண்டு வயது மகன். பக்கத்தில் கைப்பை, அதில் துப்பாக்கிக்கென்றே தைத்த ஜிப் வைத்த அறை. குழந்தை அந்த ஜிப்பைத் திறந்துவிட்டது. தாய் அங்கேயே இறந்துபோனார். அவர் துப்பாக்கி தெரியாதவர் அல்ல, உரிமம் வாங்கியவர், சுடத் தெரிந்தவர். பயிற்சியாளர் இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அன்று மாலை கடைக்கு வந்ததும் கைப்பையைக் காலி செய்தேன். கடையில் நம் பை எத்தனை முறை நம் தோளில் இல்லாமல் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பை வேண்டாம், உடம்பில்தான் இருக்க வேண்டும். இங்கேதான் துணி என்ற பிரச்சினை வருகிறது. மறைத்து எடுத்துப்போவது பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். தடித்த தோல் பெல்ட், ஜீன்ஸ், மேலே தளர்ந்த சட்டை என்று அவர்களுக்கு வேலை சுலபம். எனக்குக் கடையில் சுடிதார், விசேஷத்துக்குப் புடவை, மீதி நேரம் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை. ஹூஸ்டன் ஜூலையில் 38 டிகிரி வெயில், ஈரப்பதம் வேறு. கோட்டுப் போட்டு மறைக்கிற கதை இங்கே நடக்காது.

மெல்லிய பிஸ்டல்கள் பெருகியது இந்தப் பத்து வருடத்துக் கதைதான். 1988-இல் வந்த கிளாக் 19 பலருக்கு இன்றும் அளவுகோல். நான்கு அங்குலக் குழல், 15 தோட்டா, காலியாக இருக்கும்போதே 670 கிராம் அளவு. சுடுவதற்கு அவ்வளவு இதமாக இருக்கும். என் இடுப்பில் வைத்தால் சுடிதார் மேல் முட்டிக்கொண்டு நின்றது. 2018-இல் வந்த சிக் பி365 இந்தச் சந்தையையே மாற்றியது. ஒரு அங்குலத் தடிமன், அரைக் கிலோ எடை, அதற்குள் 10 தோட்டா அடுக்கும் மேகசின். அதன்பிறகு ஒவ்வொரு நிறுவனமும் இதே அளவில் ஒன்றைக் கொண்டுவந்தது. நானும் அந்த வகையில் ஒன்றை வாங்கி, வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டையில் வைத்துக்கொண்டேன். நோட்டில் கோடு போட்டது அந்தக் காலத்தில்தான்.

கோடுகள் ஏன் அவ்வளவு? தபால் அலுவலகத்துக்குள் துப்பாக்கி கூடாது, அதன் கார் நிறுத்துமிடமே கூட்டரசுச் சொத்து, அதனால் தெருவிலேயே நிறுத்துவேன். பள்ளிக் கட்டடத்துக்குள் கூடாது. வாசலில் 30.06 என்ற எண்ணோடு அறிவிப்புப் பலகை இருந்தால் உரிமம் இருப்பவரும் மறைத்துக்கொண்டு நுழையக் கூடாது. மது விற்பனையே பெரும்பங்காக உள்ள இடத்தில் சிவப்பில் 51 சதவீதம் என்று போட்ட பலகை இருக்கும், அங்கேயும் கூடாது. அப்புறம் கழிப்பறை. அப்புறம் கோயில்: பியர்லாந்து மீனாட்சி அம்மன் கோயிலில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடும்போது இடுப்பில் அது குத்துகிற நினைவோடு இருக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு இடத்துக்கு முன்னாலும் காருக்குள் உட்கார்ந்தபடி, ஸ்டியரிங்குக்குக் கீழே, துணிப்பட்டையிலிருந்து துப்பாக்கியை உருவிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். திரும்பி வந்ததும் மறுபடி எடுத்துச் செருகுவேன். அப்படிச் செருகும் ஒவ்வொரு முறையும் அதன் முனை என் தொடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரத்து வியாழக்கிழமை. கடையின் பின்னறைக் கழிப்பறை. செருகும்போது ஏதோ தடுத்தது. இரவு நேரம், வெளியே வாடிக்கையாளர் காத்திருக்கிறார், இன்னொரு அழுத்து அழுத்தியிருந்தால் உள்ளே போயிருக்கும். ஏனோ நிறுத்திவிட்டேன். மெதுவாக வெளியே எடுத்துப் பார்த்தால், சுடிதார் நாடாவின் முடிச்சுப் போட்ட முனை விசை வளையத்துக்குள் விசைக்கு முன்னால் கிடந்தது. அந்தப் பிஸ்டலில் தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி தனியாகக் கிடையாது. குழலின் பின்னறையில், சுடத் தயாராக, ஒரு தோட்டா இருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். துப்பாக்கி மேல் எந்தக் குறையும் இல்லை. அது செய்யவேண்டியதைத்தான் செய்திருக்கும். விசை அழுந்தினால் சுட வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த நான், அது எந்தத் துணிக்குள் எத்தனை முறை போய்வரும் என்பதைத் தேர்வுக்குள் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதற்கு அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினார். “அம்மா, துப்பாக்கியை அப்புறம் மாற்றலாம். முதலில் இந்தக் கோடுகளைக் குறையுங்கள்” என்றார்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். உறைதான் முதல் செலவு. கைடெக்ஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, அந்தந்தத் துப்பாக்கியின் வடிவத்துக்கே அழுத்திச் செய்யும் உறை. விசை வளையத்தை முழுக்க மூட வேண்டும். வெளியிலிருந்து விரலால் எவ்வளவு அழுத்தினாலும் விசை அசையக் கூடாது. வாய் சுருங்காமல் திறந்தே நிற்க வேண்டும். துணிப்பட்டை உறை இந்த மூன்றிலும் தோற்றது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெல்ட்டைக் கழற்றாமலே உறையோடு சேர்த்துத் துப்பாக்கியை ஒரே பொருளாக வெளியே எடுக்க உதவும் கிளிப். தபால் அலுவலகத்துக்கு முன்னால் துப்பாக்கியை உருவுவதில்லை. உறையோடு கழற்றி, உறையோடு பெட்டியில் வைத்து, உறையோடு திரும்ப மாட்டிக்கொள்கிறேன். விசை நாள் முழுக்க வெளிச்சத்தையே பார்ப்பதில்லை. (அந்தப் பெட்டி கார் இருக்கைச் சட்டத்தோடு எஃகுக் கம்பியால் கட்டியது. காரில் சும்மா விட்ட துப்பாக்கி திருடன் கைக்குப் போகிற துப்பாக்கி.)

பெல்ட் இல்லாத உடைக்காக, துணிக்கு அடியில் தனியாக ஒரு விறைப்பான நைலான் பெல்ட் கட்டுகிறேன். அதற்கு மேல் சுடிதார் டாப்ஸ். டாப்ஸ் தைக்கும்போதே ஒரு அங்குலம் தளர்வு விட்டு, பூப்போட்ட துணியாக எடுக்கிறேன். ஒரே நிறத் துணியில் மேடு தெரியும், பூவில் தெரியாது. நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் போட்டுவிட்டேன். புடவை கட்டும் நாளில் எடுத்துப்போவதே இல்லை. கொசுவத்துக்குள்ளும் முந்தானைக்குள்ளும் அதை வைப்பதற்கு ஒழுங்கான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் துப்பாக்கியை மாற்றினேன். வாடகைக்குக் கொடுக்கும் பயிற்சி மையத்தில் நான்கு சனிக்கிழமை, ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்துவிட்டு, ஸ்மித் அண்ட் வெஸனின் 9 ஷீல்டு ஈஸி வாங்கினேன். 2020-இல் வந்தது. எட்டுத் தோட்டா மேகசின், 650 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மற்ற சின்னப் பிஸ்டல்களில், தோட்டா ஏற்றுவதற்காகப் பின்னால் இழுக்கும் மேல்பகுதியான ஸ்லைடை இழுக்க என் மணிக்கட்டு தோற்றுப்போகும். இதில் மாவு பிசைகிற பலம் போதும். பிடியின் பின்புறத்தில் ஒரு சேஃப்டி இருக்கிறது. உள்ளங்கை அதை முழுதாக அழுத்தினால்தான் விசை வேலை செய்யும். உறையில் செருகும்போது கட்டைவிரலை ஸ்லைடின் முதுகில் வைத்தால் உள்ளங்கை அந்த இடத்தைவிட்டு விலகிவிடுகிறது, நாடாவே மாட்டினாலும் சுடாது. தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்வார்கள்: அவசரத்தில் பிடி சரியாக விழாவிட்டால் தேவைப்படும் நேரத்திலும் சுடாதே என்று. நியாயமான குறைதான். நான் என் நோட்டைப் பார்த்து முடிவெடுத்தேன். எடுப்பதும் வைப்பதுமாக வாரம் ஐம்பது முறை கைபடுவது உறுதி, அந்த ஒரு அவசரம் வாழ்நாளில் வராமலே போகலாம். பிடி விழுவதைப் பயிற்சியால் சரி செய்துகொள்ளலாம்.

தோட்டாவின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்ற சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு கொள்ளையரோடு நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். ஒரு 9 மி.மீ. தோட்டா கொள்ளையனின் இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது என்று சொல்லி, அவர்கள் பெரிய தோட்டாக்களுக்கு மாறினார்கள். 1990-இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற தோட்டாவே பிறந்தது. அப்புறம் தோட்டாவின் செய்முறை முன்னேறி, 2014-இல் அவர்களுடைய பயிற்சிப் பிரிவே 9 மி.மீ. போதும் என்று எழுதி, திரும்பி வந்துவிட்டார்கள். உதைப்பு குறைவு, விலை குறைவு, அதனால் அதிகம் பழகலாம். முனையில் குழி உள்ள தோட்டாவையே எடுத்துப் போங்கள். உடம்புக்குள் விரிந்து அங்கேயே நிற்கப் பார்க்கும், ஒருவரைத் துளைத்துப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் ஆபத்து குறையும்.

2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே எடுத்துப் போகலாம். இருந்தும் உரிமம் வாங்குங்கள் என்பேன். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற கூட்டரசுச் சட்டத்தில் மாநில உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. பையனை அழைக்கப் போகும் தெரு முழுக்க அந்த 1,000 அடிதான். தேர்வு கடினமல்ல: 3, 7, 15 கஜத்திலிருந்து மொத்தம் 50 தோட்டா, 250 புள்ளியில் 175 வேண்டும். அதில் தேறினால் சுடத் தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். காகிதம் நம்மைப் பார்த்துக் கத்தாது. நான் வாரம் மூன்று நாள், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, காலித் துப்பாக்கியை இரண்டு முறை சோதித்து, பத்து நிமிடம் மெதுவாக எடுத்துப் பழகுகிறேன். வைப்பதை அதைவிட மெதுவாக, உறையின் வாயைக் கண்ணால் பார்த்தபடி. வேகமாக எடுக்க ஒரு காரணம் வரலாம். வேகமாக வைக்க ஒரு காரணமும் கிடையாது.

கல்லாவில் இருக்கும் பணத்துக்காக நான் அதை எடுக்க மாட்டேன். இது நானும் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. பணத்தைக் கேட்டால் கொடுத்துவிடுவோம்.

வீட்டைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் மகனுக்கு அப்போது 14 வயது. நம் கவனக்குறைவால் தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் டெக்சஸில் குற்றம். ஆனால் சட்டத்தைவிட என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். கள்ளன் வருவான் என்று வாங்கி வைக்கிறோம். பாதிக்கு மேல் அது வீட்டுக்குள் இருப்பவரையே எடுத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் மதிப்பெண், வேலை, விசா என்று எத்தனையோ வாய்க்குள்ளேயே கிடக்கின்றன. மனசு சரியில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் ‘எல்லாம் சரியாப் போயிடும், சாப்பிடு’ என்போம். அதனால் எங்கள் மூவருக்குள் ஓர் ஒப்பந்தம். மூவரில் யாருக்கு மனது தாழ்ந்தாலும், காரணம் கேட்காமல், அந்த வாரமே துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போகும். ஒருமுறை போயிருக்கிறது. யாருக்காக என்பதை இங்கே எழுத மாட்டேன். நான்கு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்த நான்கு மாதமும் கடையைச் சாத்திப் பணத்தைக் கொண்டுபோனோம். இருவராகப் போனோம், அவ்வளவுதான்.

போன மாதம் மறுபடி அந்த நோட்டை எடுத்து ஒரு வாரம் கோடு போட்டுப் பார்த்தேன். உறையிலிருந்து துப்பாக்கி வெளியே வந்த கணக்கு மட்டும். பயிற்சி நாள் தவிர மற்ற நாள் எல்லாம் காலியாகக் கிடந்தது. இரவு வீட்டுக்கு வந்ததும் உறையோடு கழற்றி, அலமாரியில் திருகி வைத்த எஃகுப் பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அழுத்துகிறேன். அடுப்படியிலிருந்து அவர் குரல் வரும்.

“வச்சிட்டியாம்மா?”

“வச்சாச்சுங்க.”

அதற்குப் பிறகும் அவர் ஒருமுறை வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.